ஒருமுறையும் ஓடாத படம்

மார்த்தாம்மா தகர டப்பாவின் மூடியை நகத்தால் நெம்பியதும் அந்த வாடை எழுந்தது. புளித்த காடி வாடை. மூக்கின் உட்புறத்தைச் சுரண்டும் வாடை. கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான், அடுத்த மூச்சில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையில் நின்றேன். வாளிவாளியாக வந்து சேரும் பாலை உறையவைக்கத் தொட்டியில் அமிலம் ஊற்றுவார்கள். அந்த வாடை அம்மாவின் கைலியில் இருந்தது, அப்பாவின் சைக்கிள் பிடியில் இருந்தது, மதியச் சோற்றிலும் இருந்தது. அங்கே அந்த வாடை அடித்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். இங்கே, இந்த டப்பாவுக்குள், ஒரு படம் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"மூடிருங்கம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு? இப்பத்தான தொறந்தேன். ஊறுகா கெட்டுப்போன நாத்தம்தான், பயந்துக்காத."

பழைய ஃபிலிம் சுருள்களுக்கு வரும் நோய் இது. ஈரமும் வெக்கையும் பட்டால் சுருள் புளிக்கும். புளித்தால் சுருங்கும். சுருங்கினால் முறியும். கடல் இரையும் சத்தம் கேட்கும் தூரத்தில், ஐம்பது வருடம் ஒரு துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது இன்னும் தூளாகாமல் இருந்ததே பெரிது.

மார்த்தாம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் அவர் எடுத்த நான்கு குறும்படங்களைச் சோதனைப் படங்கள் என்று சொல்லித் திரைப்படச் சங்கங்களில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் அவற்றைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏங்குவது அவற்றுக்கெல்லாம் முந்திய ஒன்றுக்கு. இருபத்துச் சொச்ச வயதில், கடன் வாங்கிய காமிராவில், மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளை மௌனப் படம். பெயர் 'இழுவை'. நெகட்டிவ் கிடையாது. காமிராவுக்குள் ஓடிய அதே சுருளைத்தான் லேபில் கழுவிப் படமாகக் கொடுத்தார்கள். உலகத்தில் ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் மூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னை அனுப்பியவர் லிம். பினாங்கில் இருக்கிறார், மௌனக் குறும்படங்களைச் சேர்ப்பவர். அவர் வீட்டின் பின்கட்டில் ஒரு குளிர் அறை இருக்கிறது. உள்ளே போக சட்டைக்கு மேல் சட்டை வேண்டும். அந்தச் சேகரிப்புக்குக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பின் ஒரு பாதி. மறுபாதி, யாரும் கேட்காத உரைநடைக் கவிதைகள். 'இழுவை'யிலிருந்து வெட்டிய ஒரே ஒரு ஃபிரேம் லிம்மிடம் உண்டு. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. சாம்பல் வானம், அதைக் குறுக்கே அறுத்துச் செல்லும் கயிறு, கயிற்றின் நடுவில் விழப்போகும் ஒரு நீர்த்துளி. அந்தத் துளியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

"ஒருமுறைகூட புரொஜெக்டரில் ஓடாத சுருள்" என்று மார்த்தாம்மாவின் தங்கை மகன் ஜெபராஜ் எழுதியதிலிருந்து லிம்முக்குத் தூக்கம் இல்லை. "ஓடாதது" என்று அவர் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஓடாமலே எடுத்துக்கொண்டு வா, யாரையும் நகல் எடுக்க விடாதே, இதுதான் எனக்கு உத்தரவு.

அன்று காலை செங்கல்பட்டில் இறங்கியபோது ஏரியின் மேல் வெளிச்சம் தகடு தகடாகக் கிடந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடகறியும் தின்றேன். எங்கள் ஊரில் 'மாமாக்' என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி மாவைக் காற்றில் வீசுவார்கள். இங்கே வீசப்படுவது கேள்வி. "நாஸ்தாவா, டீயா, சும்மா குந்திகினு கீறியா?" என்றார் பரிமாறியவர். அவசரமாக நாஸ்தா என்றேன்.

கல்பாக்கம் பேருந்து திருக்கழுக்குன்றத்தில், மலைக்கோயில் தெரியும் வளைவில், இருமி நின்றது. "ஆம்பளைங்கெல்லாம் எறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க" என்றார் நடத்துநர். நான்கு பேர் இறங்கினார்கள். "ஏன், பொம்பளைங்க தள்ளுனா பஸ்ஸு வெக்கப்படுமா?" என்று ஒரு பூக்காரம்மா கூடையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். பேருந்து கிளம்பியது. அவர் ஓடிவந்து ஏறினார். என் மடி முழுக்கக் கதம்ப வாசம் அடித்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு டப்பா திறந்தது.

மேசையின் மறுகோடியில் ஒரு வெளிச்சப் பெட்டி இருந்தது. மேலே பால்நிறக் கண்ணாடி, உள்ளே விளக்கு. ஓய்வுபெறும்வரை மார்த்தாம்மா அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். தனியார் கம்பெனி ஒன்றில் வேலை. குழாய்களைப் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

"ஃபிலிமு மேல கீறல் வுழுந்தா, அது இரும்புல இருக்கற விரிசலா, ஃபிலிமுல இருக்கற கீறலான்னு தெரியாது. தூக்கிக் கடாசிட்டு வேற எடுக்கணும். அதான் சட்டம்."

அதே சட்டத்தை அவர் தன் படத்துக்கும் போட்டிருந்தார். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, சுருளை வெளிச்சத்தின் மேல் ஒரு முழம் இழுத்தார். கயிறு. அடுத்த கட்டத்திலும் கயிறு. கட்டம் கட்டமாக, நனைந்த, கறுத்த, விறைத்த கயிறு. அந்தக் காலத்தில் கரைவலை இழுக்க மணலில் வரிசை கட்டி நிற்பார்கள். அவர் ஆட்களை எடுக்கவில்லை, வலையை எடுக்கவில்லை, கடலுக்கும் கைகளுக்கும் நடுவே நடுங்கிய கயிற்றை மட்டும் எடுத்திருக்கிறார். 

பிறகுதான் ஒட்டுகளைப் பார்த்தேன். நாலு விரற்கடைக்கு ஒன்று.

"இது என்னம்மா?"

"தூசு குந்தியிருந்திச்சி. வெட்டிட்டேன்."

"இது?"

"தண்ணிக் கறை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வூட்டுக்கு வெள்ள அடிக்கச்சொல்லோ இதையும் எடுத்துப் பாப்பேன். கெட்டத எடுத்துட்டு நல்லத ஒட்டிருவேன். வெட்னத சண்டே கிளாஸ் புள்ளைங்களுக்கு, பைபிள்ல அடையாளம் வெச்சிக்கக் குடுத்துருவேன்."

அப்படித்தான் ஒன்று கடல் தாண்டி லிம்மிடம் போயிருக்கிறது. என் கைப்பேசியில் இருந்த அதன் படத்தைக் காட்டினேன். வலது கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"ஆமா, என்துதான். தோ, இந்தத் துளி. லேபுல காயவெக்கச்சொல்லோ பட்ட கறை. அதனாலதான் வெட்டுனேன்."

என் மூன்று பக்கங்களும் கண் முன்னால் ஈரம் பட்டு ஊறிப்போயின. கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

"ஓடினால் எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"எனக்கு எப்டிம்மா தெரியும்? ஓட்டிப் பாத்தாதான?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரொஜெக்டரில் ஓடாதது என்றால், எடுத்தவரும் பார்க்காதது. கீறல் விழுமே என்று பயந்து, எவர் கேட்டும் கொடுக்காமல், அலமாரிக்கும் வெளிச்சப் பெட்டிக்கும் நடுவிலேயே வைத்திருந்திருக்கிறார். தேறாத படத்தைத் தேற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"கயித்ததாம்மா பாத்துகினு கீறேன், இத்தினி வருஷமா. அத்த இழுக்கறத ஒருநாளும் பாத்ததில்ல."

ஜெபராஜ் டீயோடு வந்து நின்றான். நாற்பது வயது, சிறுசேரியில் மென்பொருள் வேலை, இதற்காக விடுப்பு எடுத்திருந்தான். தம்ளரை வைத்தவன் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம், இந்தப் பேச்சைத் தொடராதீர்கள் என்பதுபோல.

மார்த்தாம்மாவுக்கு கிளாக்கோமா. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஒரு வளையல் அளவு வட்டம்தான் மிச்சம், சுற்றிலும் புகை. திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷன். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் அதுவும் அணைந்துபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கெழம என்னை ஆஸ்பத்திரில சேக்கறாங்க. அதுக்குள்ள ஒரு தபா ஓட்டிக் காமி. அப்பறம் எடுத்துகினு போ."

அது வியாழக்கிழமை.

நான் கொண்டுவந்த சோதனைத் தாளில் ஒன்றை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். நீலத் தாள். சுருள் எந்த அளவுக்குப் புளித்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பச்சையாகும், பிறகு மஞ்சளாகும்.

சாயங்காலம் மாமல்லபுரத்தில் என் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். வஞ்சிரம் வறுவல் கேட்டேன், சங்கரா வந்தது. "வஞ்சிரம் இன்னிக்கு வல்லக்கா, இது அதோட சொந்தக்காரன்" என்றான் கடைக்காரன். எங்கள் கடற்கரையில் மீனைப் புளியும் மிளகாய்ச் சம்பாலும் அழுத்திப் பிடித்து அடக்குவார்கள். இங்கே மிளகாயைத் தடவி எண்ணெயில் விட்டுக் கத்த விடுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது.  மணலில் ஒரு டிராக்டர் ஃபைபர் படகை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தது. நீல நைலான் கயிறு விறைத்துத் துடித்தது. கரைவலை இழுப்பதைப் பார்க்கமுடியுமா என்று படகுக்காரரைக் கேட்டேன்.

"கரவலையா? அதுக்கு ஒரு தெருவே வரணும்க்கா. வாட்ஸப்புல கூப்டா கட்டவெரலத் தூக்கிக் காட்டிட்டு வூட்லயே படுத்துக்கறானுங்க."

வெள்ளிக்கிழமை காலை, தாள் பச்சையைத் தாண்டி மஞ்சளின் வாசலில் நின்றது.

மார்த்தாம்மாவின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து லிம்மைக் கூப்பிட்டேன். நாங்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவோம். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நிறைய ஒட்டுகள் இருக்கின்றன. அவரே ஃபிரேம்களை வெட்டியிருக்கிறார்" என்றேன். கத்துவார் என்று காதைத் தயார் செய்துகொண்டேன்.

பெருமூச்சுதான் கேட்டது. "எடுத்தவரே வெட்டியதா? தன் கையாலா? எவ்வளவு நல்ல செய்தி இது!"

சேகரிப்பவர்களின் மனம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குறை கூடக்கூட அவர்களுக்கு ஒரு பொருள் அரிதாகிவிடுகிறது. துளி வெறும் கறை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

"அவர் ஒருமுறை ஓட்டிப் பார்க்க விரும்புகிறார், லிம். கண் போகப்போகிறது."

"கூடாது."

"அவருடைய படம்."

"அவருடையதுதான். அதனால் நான் கட்டளையிட முடியாது. ஆனால் நீ யோசித்துப் பார். ஓடிய படங்கள் உலகமெங்கும் கிடைக்கின்றன. எடுத்தவரின் கண்கூடப் படாமல், அப்படியே சுருண்டு கிடக்கும் அசைவு ஒன்று! அது ஓடிவிட்டால் எல்லாப் படங்களையும்போல் ஒரு படம். அப்புறம் என்னிடம் கொண்டுவராதே. என் அறையில் அதற்கு இடமில்லை."

கோபம் வந்தது. ஆனால் அந்தத் தாளின் மஞ்சளும் கண்ணில் நின்றது. அந்தக் குளிர் அறைக்குள் போனால் சுருள் எங்களுக்கெல்லாம் பிறகும் இருக்கும். இங்கே இருந்தால் சில மழைக்காலங்கள்தான் தாங்கும். லிம் சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் என்னைக் குடைந்தது.

கீழே இறங்கி மார்த்தாம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஓட்டினால் அவர் வாங்கமாட்டார். சுருள் சுருங்கியிருக்கிறது, மெஷினில் கிழியவும் கிழியலாம்.

ஜெபராஜ் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "பெரிம்மா, அங்க போனா இது நூறு வருஷம் இருக்கும். உங்க பேரு இருக்கும். இங்க ஓட்டுனா அஞ்சு நிமிஷம்."

"நூறு வருஷம் அவுரு டெய்லி பாப்பாரா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"பார்க்கமாட்டார். வைத்திருப்பார்" என்றேன்.

"அத்தத்தான் நானும் பண்ணிகினு கீறேன். அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?"

"ஸ்கேன் பண்ணிடலாம் பெரிம்மா. மும்பைல பண்றாங்க. கம்ப்யூட்டர்ல பெருசா பாக்கலாம்."

"எப்ப வரும்?"

"ரெண்டு மூணு மாசம்."

"சரி. அப்ப நீ பாத்துட்டு எனக்குக் கதை சொல்லு."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். அழுகிறானோ என்று நினைத்தேன். திரும்பியபோது கைப்பேசியில் எண் தேடிக்கொண்டிருந்தான். "சிங்கப்பெருமாள் கோயில்ல ஒருத்தன் இருக்கான் மேடம். எங்கூடப் படிச்சவன். சவுண்டு செட் வெச்சிருக்கான்."

அவன் பெயர் கன்னியப்பன். கடை முழுக்க ஸ்பீக்கர்கள், சீரியல் விளக்குகள், ஆள் உயரத்தில் ஒரு காற்றடைத்த பொம்மை. தொழிற்பேட்டைக்குப் போகும் வேன்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

"பதினாறு எம்மெம் புரொஜெக்டரா? இருக்குது மச்சான். எங்க சித்தப்பா திருவிழாவுல ஓட்னது. இப்போ அது மேலதான் எங்க வூட்டு டிவி கீது."

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் டிவியை இறக்கினோம். பெட்டியைத் திறந்ததும் ஒரு பல்லி இறங்கி நிதானமாக நடந்து போனது. "பாத்தியா, ஆபரேட்டர் வெளிய போறாரு" என்றான். பெல்ட் புதிதாகப் போட்டான். பல்பு எரிந்தது. சோதிக்க, சித்தப்பாவின் பழைய பிஸ்கட் விளம்பரச் சுருள் ஒன்றை மாட்டினான். மெஷின் கடகடவென்று பேசியது, சுவரில் ஒரு குழந்தை வாயைத் திறந்தது. அடுத்த நொடி கரகரவென்று ஒரு சத்தம். விளிம்பு ஓட்டைகள் கிழிந்து, ஃபிலிம் நொறுங்கி, கன்னியப்பனின் காலடியில் குவிந்தது.

கன்னியப்பன் குனிந்து துண்டுகளை அள்ளினான்.

"மொத தபா கடிக்கும். பழகுனா கடிக்காது" என்றான்.

"மெஷினா நாயாடா அது?" என்றான் ஜெபராஜ். முகம் வெளுத்திருந்தது.

கன்னியப்பன் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, மறுபடி மாட்டினான். மீதி பிஸ்கட் விளம்பரம் கடைசிவரை ஓடியது. குழந்தை தின்று முடித்தது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். ஓடியது. எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

புரொஜெக்டரை ஒரு குட்டியானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டியதும் டயர் படுத்தது. அதே நேரம் மழையும் பிடித்தது. பின்னால் கிடந்த கல்யாண ஃபிளெக்ஸ் பேனரை எடுத்து மெஷினைப் போர்த்தினோம். சாலையோரம், மழையில், பேனரின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை ஜெபராஜ். நடுவில் மணமக்கள் நனைந்து சிரித்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க" என்றான். "உங்களுக்கும் பாக்கணும்னு ஆசைதான? அதனாலதான ஒத்துக்கினீங்க?"

"ஆமாம்."

"எனக்கு இல்லக்கா. எனக்கு அது பத்திரமா ஒரு எடத்துல இருந்தா போதும்." மேடத்திலிருந்து அக்காவுக்கு வந்துவிட்டிருந்தான். டயர் மாட்டி முடிந்ததும் கிளம்பினோம்.

சனிக்கிழமை காலை நான் போனபோது ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் வெக்கை, காடி வாடை, எண்ணெய் போட்ட இரும்பின் வாடை. சுவரில் பெரிதாகக் காட்டினால் மார்த்தாம்மாவின் வட்டத்துக்குள் கயிற்றின் ஒரு துண்டுதான் அகப்படும். அதனால் கன்னியப்பன் லென்ஸைத் திருகித் திருகி வெளியே இழுத்து, மெஷினை மேசை மேலேயே கிட்டத்தில் வைத்தான். ஒரு தபால் அட்டை அளவுக்குப் படம். திரைக்கு, சர்ச் காலண்டரின் தாள் ஒன்றைத் திருப்பி அட்டையில் ஒட்டினோம். மார்த்தாம்மா அதைத் தன் கையில் பிடித்துக்கொண்டார், சாமான் கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல, முன்னும் பின்னும் நகர்த்தி.

"தோ, இங்க. இங்க தெரியுது. ஆடாதீங்க யாரும்."

சுருளை மாட்டிய நேரத்தில் கரண்ட் போனது.

இருட்டில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். மெஷினின் பற்களில் படம் ஏற்கெனவே சிக்கியிருந்தது, எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. கன்னியப்பன் ஜெனரேட்டர் எடுத்துவரட்டுமா என்றான். போய்வர அரைநாள் ஆகும். வேர்வை என் முழங்கையிலிருந்து சொட்டியது. மார்த்தாம்மா மட்டும் அட்டையைத் தாழ்த்தாமல் பிடித்திருந்தார். அவருக்கு இந்த இருட்டும் வெளிச்சமும் பெரிய வித்தியாசமாக இருந்திருக்காது.

"இப்ப வேணாம்னு சொன்னா கழட்டிடலாம் பெரிம்மா. இன்னும் ஓடல. அந்த மலேசியாக்காரர்கிட்டயும் பொய் சொன்னதா ஆவாது."

"நீ ஏன்டா பேஜாரு பண்ற? கை வலிக்குது எனக்கு. கரண்ட் வருதா பாரு."

வந்தது. ஃபிரிட்ஜ் முதலில் உறுமியது. கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் மார்த்தாம்மாவைப் பார்த்தேன்.

"ஓட்டு" என்றார்.

கடகடகட. தாளில் வெள்ளை நடுங்கியது, சாம்பல் வந்தது, சாம்பலின் குறுக்கே அந்தக் கயிறு வந்து விழுந்தது.

இழுக்கிறார்கள்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கயிறு தளர்கிறது, தொய்கிறது, பிறகு இறுகிப் பிழிந்து நீரைச் சிதறுகிறது. அவர் ஃபிரேம்களை வெட்டிய இடங்களில் அது துள்ளியது. ஒவ்வோர் ஒட்டிலும் கடல் அந்தப் பக்கத்திலிருந்து வெடுக்கென்று பிடுங்கியது. தூசுக்காகவும் கறைக்காகவும் அவர் எடுத்தெறிந்த அத்தனையும் சேர்ந்து அந்தக் கயிற்றுக்கு ஒரு நாடித்துடிப்பைக் கொடுத்திருந்தன. சத்தமே இல்லை, ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வந்தது, கயிற்றைப் பற்றியது, போனது. ஒரு தோள். மறுபடி கயிறு.

நின்றது.

ஓர் ஒட்டு மாட்டிக்கொண்டுவிட்டது. கயிற்றின் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி, அது கொப்புளித்து விரிந்தது. "லைட்டு! லைட்டு!" என்று கத்தினேன். கன்னியப்பன் அதற்குள் அணைத்திருந்தான். கருகிய வாடை.

"போதும்" என்றான் ஜெபராஜ். "பாத்தாச்சில்ல, போதும் பெரிம்மா. மிச்சமாவது நிக்கட்டும்."

"எவ்ளோ கீது இன்னும்?"

"பாதிக்கு மேல இருக்கும்மா" என்றான் கன்னியப்பன்.

"அவுங்க இன்னும் இழுத்துகினுதான இருக்காங்க? நடுவுல வுட்டுட்டு எப்டிப்பா எந்திரிக்கறது? ஓட்டு."

கருகிய ஃபிரேமைக் கன்னியப்பன் வெட்டி ஒட்டினான்.  ஒட்டும் நாடாவை நான் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஓடியது. இந்த முறை ஒவ்வோர் ஒட்டும் லென்ஸுக்குப் பின்னிருக்கும் இடுக்கைத் தாண்டும்போது மெஷின் ஒரு விக்கல் விக்கியது, நாங்களும் விக்கினோம். கயிறு சுருள் சுருளாக மணலில் விழத் தொடங்கியது. இரண்டு கை, நாலு கை. பிறகு வெள்ளை பொங்கி எல்லாவற்றையும் அழித்தது. வால் நுனி பட்பட்டென்று மெஷினை அறைந்தது.

மார்த்தாம்மா தாளை இறக்கவில்லை. மறுகையால் அதைத் தடவினார். "சூடா கீது" என்றார். பிறகு, "நல்லா இழுத்தாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜெபராஜ் கம்பளியை விலக்கி, சுருளின் நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "முழுசா ஒரு கோடு. ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் கீறல்."

"எங்க, காமி."

அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியலடா" என்றார், கொஞ்சம் சிரித்தபடி. அவனும் சிரித்துவிட்டான். அப்போதுதான் அவன் கண் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன்.

கன்னியப்பன் தன் கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தான். நகல் கூடாது என்ற லிம்மின் நிபந்தனையை அவனிடம் யாரும் சொல்லவில்லை. போட்டுப் பார்த்தோம். கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தன, நடுவில் அவனுடைய கட்டைவிரல். கயிறு எங்கோ ஒரு மூலையில் புழுவாக நெளிந்தது. "டெக்னிக்கல் ஃபால்ட்டு" என்றான்.

மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். மார்த்தாம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். ஜெபராஜ் சுருளை டப்பாவில் வைத்து, டப்பாவைப் பாலிதீனில் சுற்றி, ஃபிரிட்ஜின் மேல்தட்டில், மிச்சக் குழம்புக்கு மேலே வைத்தான். ஆபரேஷன் முடிந்ததும் மும்பைக்கு எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னான். "கீறலோட ஸ்கேன் பண்ணுவாங்கல்லக்கா?" என்று கேட்டான். பண்ணுவார்கள் என்றேன். லிம்முக்கு ஒரே வரி அனுப்பினேன்: ஓட்டிவிட்டோம். படித்ததற்கான அடையாளம் நீலமாக விழுந்தது. பதில் இல்லை. இனி அவருடைய அறைக்கு நான் குறிப்பு எழுதுவேனா என்பது தெரியாது. துளியைப் பற்றி எழுதிய மூன்று பக்கத்தை மட்டும் என் கவிதையாக வைத்துக்கொள்வேன்.

சாயங்காலப் பேருந்துக்கு மார்த்தாம்மாவும் நிறுத்தம்வரை வந்தார், ஜெபராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு. அணுமின் நிலையத்துப் பணியாளர் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமைக்கு என்ன சொல்வது என்று தேடினேன். அதற்குள் என் பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், காலையிலிருந்து நாங்கள் யாருமே கேட்காத ஒன்று நினைவுக்கு வந்தது. கம்பிக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"அம்மா, அன்றைக்கு வலையில் மீன் இருந்ததா?"

குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். அந்தச் சிறிய வட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார்.

"யாருக்கும்மா தெரியும்? ரீலு தீந்துபோச்சி, நான் கெளம்பிட்டேன்."